பழைய பைக்கின் எஞ்சினை வீட்டிலேயே மாற்றுகிறவர்களுக்கு
ஊட்டி, கோத்தகிரிப் பக்கம் பனியிலும் மழையிலும் நின்ற பழைய பைக்கில் எஞ்சினை பைக்கின் சட்டத்தோடு பிடித்திருக்கும் மவுண்ட் போல்ட்டுகள் துருவேறி இறுகிக் கிடக்கும். முதல் நாள் இரவே துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். அவசரப்பட்டு ஸ்பேனரைப் போட்டுத் திருகினால் போல்ட் தலை மழுங்கிவிடும், அப்புறம் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றி, ஆயிலை வடித்துவிட்டு, ஒயர் இணைப்புகளைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சரிவான வாசலில் வேண்டவே வேண்டாம். சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டையை முட்டுக் கொடுங்கள். புல்லட் என்றால் தூக்க இன்னொரு ஆள் கட்டாயம்.

மாற்று எஞ்சினை ஏற்றியதும் எல்லா போல்ட்டையும் முதலில் கையாலேயே போட்டுவிட்டு, பிறகு இறுக்குங்கள். ஒன்றை முன்னாடியே முறுக்கிவிட்டால் மற்றத் துளைகள் நேருக்கு வராது.

எஞ்சின் எண் மாறுவதால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பில் இல்லாத எஞ்சினை வாங்காதீர்கள்.