யூபி40ஐ ஒட்டியும் வெட்டியும்: வாசிகசாலை விவாதம் ஒன்றை நடத்தும் முறை

அமோகமாக விற்ற இசைக்குழு ஒன்றை விவாதத்துக்கு எடுத்தால், பத்து நிமிடத்துக்குள் பேச்சு இரண்டு வசனங்களில் வந்து நின்றுவிடும். “இவ்வளவு சனம் கேட்குதே, பிறகென்ன குறை?” என்பது ஒன்று. “சனம் கேட்டால் தரம் வந்திடுமோ?” என்பது மற்றது. இரண்டிலும் வாதம் இல்லை. விற்பனை எண்ணிக்கை ஒரு பாட்டை உயர்த்தவும் மாட்டாது, தாழ்த்தவும் மாட்டாது. வாதாட வேண்டியது காதில் விழுவதையும் ஏட்டில் பதிந்திருப்பதையும் வைத்துத்தான். ஜமேக்காவில் பிறந்த ரெகே இசையைப் பாடிய இங்கிலாந்துக் குழுவான யூபி40 (UB40) அதற்கு மிகப் பொருத்தமானது. இரு பக்கத்துக்கும் கனமான சான்று உண்டு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கத்து வாசிகசாலை அல்லது சனசமூக நிலையம் ஒன்றில் இதை எப்படி நடத்துவது என்று இனிப் பார்ப்போம்.

தலைப்பை முதலில் சீராக்குங்கள்

“யூபி40 நல்ல குழுவா?” என்று தலைப்பு வைக்க வேண்டாம். அது ரசனைச் சண்டையில்தான் முடியும். குழுவின் வரலாறு இரண்டு கட்டமாகப் பிரிகிறது. தலைப்பு எந்தக் கட்டத்தைப் பற்றியது என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரில் 1978இல் தொடங்கிய குழு இது. வேலையற்றோர் உதவிப்பணம் பெறுவோருக்கு அக்காலத்தில் வழங்கிய படிவத்தின் எண்ணையே பெயராக வைத்தார்கள். 1980இல் வந்த முதல் இசைத்தட்டான ‘சைனிங் ஓஃப்’இன் அட்டையிலும் அந்தப் படிவமே இருந்தது. 1980 முதல் 1982 வரை பெரும்பாலும் சொந்தப் பாடல்கள்: வேலையின்மை, இனவெறி, தென்னாபிரிக்கா. 1983இல் ‘லேபர் ஒஃப் லவ்’ வந்தது. தாங்கள் சிறுவயதில் கேட்டு வளர்ந்த ஜமேக்கப் பாடல்களை மீளப்பாடிய தட்டு அது. அதன் பிறகு குழுவின் பெரிய வெற்றிகளில் அநேகமானவை மீள்பாடல்களே. 1993இல் எல்விஸ் பிரெஸ்லியின் பழைய காதற் பாட்டை ரெகேயாக்கி, அமெரிக்காவில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தார்கள்.

ஆகவே தலைப்பு இப்படி இருக்கட்டும்: “1983 முதல் யூபி40 ரெகே இசைக்குச் செய்த நன்மை, செய்த தீமையிலும் பெரிது.” 1980ஐ உள்ளே விட்டால் ஒட்டுவோர் ‘சைனிங் ஓஃப்’ஐத் தூக்கிக் காட்டியே வென்றுவிடுவார்கள். எங்கள் கணிப்பில் அதுதான் குழுவின் ஆகச் சிறந்த தட்டு, அதை எதிர்த்துப் பேச ஆள் கிடைப்பதும் கடினம். ஆனால் அளவுகோலாக அதை இரு அணியும் பயன்படுத்தலாம் என்று விதியில் எழுதிவிடுங்கள்.

‘நன்மை’ என்பதற்கும் எல்லை போட வேண்டும். மூன்று கேள்விகள் போதும். கேட்டவர்கள் மூலப் பாடகர்களைத் தேடிப் போனார்களா? பணம் உரியவரிடம் போய்ச் சேர்ந்ததா? மீளப்பாடியதில் ரெகேயின் உடல் தப்பியதா? இரண்டு அணித்தலைவர்களையும் கூப்பிட்டு, ஒரு கிழமைக்கு முன்பே இதைத் தாளில் எழுதிக் கையொப்பம் வாங்குங்கள். இதைச் செய்யாவிட்டால், அன்றைக்கு முதற் பேச்சாளர் தன் ஆறு நிமிடத்தையும் வரைவிலக்கணத்திலேயே கழித்துவிடுவார்.

நாளும் இடமும்

காலபோக அறுவடை முடிந்த மாசி, பங்குனி மாதங்கள்தான் தோது. மாரியில் தகரக் கூரைக்குக் கீழே பேச்சே கேட்காது, இசைக்கு எங்கே போவது? வற்றாப்பளைப் பொங்கல் கிழமையிலும் சாதாரணதர, உயர்தரப் பரீட்சைக் காலத்திலும் வைக்காதீர்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். அதை முற்கூட்டியே எடுத்து வையுங்கள்.

கேட்கும் அரைமணி

இந்த விவாதத்தின் உயிர் இந்தப் பகுதிதான். பேச்சு தொடங்குமுன் சபை முழுவதும் ஒரே பாடல்களை ஒரே பெட்டியில் கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சவுண்ட்ஸ். ரெகேயில் பாட்டைச் சுமப்பது பேஸ் கிற்றார். அதன் அடித்தந்தி 41 ஹேர்ட்ஸ் அளவில் ஒலிக்கும். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் அந்த அடியொலி வரவே வராது. மீந்த மேலொலியை வைத்து மூளை ஊகித்துக்கொள்ளும், அவ்வளவுதான். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியும் அப்படியே. குரலைக் குளக்கட்டு வரை கொண்டுபோகும், பேஸை விழுங்கிவிடும். கூம்பில் போட்டுக் கேட்ட சபை “எல்லா ரெகேயும் ஒரே மாதிரித்தான்” என்று சொல்வது தவிர்க்க முடியாதது. 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் உள்ள பொக்ஸ் இரண்டு வாடகைக்கு எடுங்கள். கூம்பு பேச்சுக்கு மட்டும் இருக்கட்டும்.

பொக்ஸைச் சுவரோரம் வைத்தால் பேஸ் கூடும், மூலையில் வைத்தால் அளவு மீறிக் குமுறும். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்துத் தொடங்குங்கள். தகரக் கூரை பேஸுக்கு அதிர்ந்து கிலுகிலுக்கும். அப்படியானால் கேட்கும் பகுதியை வெளியே மரநிழலுக்கு மாற்றுவது நல்லது. ஜெனரேற்றரைக் கட்டடத்துக்கு மறுபக்கம் வையுங்கள்.

பாடல்களை முன்கூட்டியே இறக்கி பென் டிரைவில் வைத்திருங்கள். உள்ளூர்ப் பக்கம் சிக்னலை நம்ப முடியாது. இறக்கும்போது இரண்டு பொறிகள் உண்டு. ஒன்று, இணையத்தில் ரெகே என்றால் எல்லாவற்றுக்கும் ஜமேக்காவின் புகழ்பெற்ற ரெகேப் பாடகர் பொப் மார்லியின் பெயரை ஒட்டிவிடுவார்கள். யூபி40 மீளப்பாடிய ‘ரெட் ரெட் வைன்’ கூட மார்லி பாடியதாகப் பல இடங்களில் கிடக்கிறது. மார்லி அதைப் பாடவில்லை. இரண்டு, 2008இல் பாடகர் அலி கெம்பல் விலகிய பிறகு யூபி40 என்ற பெயரில் இரண்டு குழுக்கள் இயங்கத் தொடங்கின. புதுப்பதிவும் மேடைப்பதிவும் கலந்து கிடக்கும். தட்டின் பெயரையும் ஆண்டையும் பார்த்து மூலப்பதிவை எடுங்கள்.

இன்னொன்று, பெரும்பாலானவர்கள் கவனிக்காதது: ஒலியளவு. பிந்திய பதிவுகள் பழையவற்றிலும் உரத்தவை. இரண்டையும் ஒரே அளவில் திறந்தால் உரத்தது “நல்லது” என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும். ஒவ்வொரு துண்டையும் முதல்நாளே போட்டுப் பார்த்து, எந்தத் துண்டுக்குப் பொத்தான் எங்கே நிற்க வேண்டும் என்று குறித்து வையுங்கள். இதை விட்டால் 1970இல் பதிந்த ஜமேக்கப் பாடல் போட்டி தொடங்குமுன்பே தோற்றுவிடும்.

போட வேண்டிய ஒழுங்கு இது. நீல் டயமண்டின் ‘ரெட் ரெட் வைன்’: ஆறுதலான, சோகமான அமெரிக்கப் பாட்டு, ஒரு நிமிடம் போதும். அடுத்து ஜமேக்கப் பாடகர் டோனி டிரைப் 1969இல் ரெகேயாகப் பாடியது: துள்ளல் வந்துவிடும். பிறகு யூபி40 1983இல் பாடியது. சுருக்கிய வானொலி வடிவத்தை விட்டு, குழு உறுப்பினர் அஸ்ட்ரோ நடுவில் தாளத்தோடு பேசிப் பாடும் நீண்ட வடிவத்தையே எடுங்கள். யூபி40 உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தது டிரைப்பின் பதிவு. எழுதியவர் நீல் டயமண்ட் என்பது அப்போது தங்களுக்குத் தெரியாது என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். இதைப் போட்டு முடித்த பிறகு சபைக்குச் சொல்லுங்கள், முன்பு சொல்லாதீர்கள்.

அதன் பின் பாடகர் லோர்ட் கிரியேட்டரின் ‘கிங்ஸ்டன் டவுன்’ (1970), உடனே யூபி40 பாடிய அதே பாட்டு. பிறகு எல்விஸ் பாட்டின் 1993 வடிவம், ஒரு நிமிடம். கடைசியாக 1980இன் ‘ஃபூட் ஃபோர் தோட்’ முழுவதும். மொத்தம் ஏழு துண்டுகள். இடைக் குறிப்புகளோடு 25 நிமிடத்துக்குள் முடியும்.

முதல் துண்டுக்கு முன் சபையைக் கைதட்டச் சொல்லுங்கள். ஒன்று-இரண்டு-மூன்று-நான்கு என்று எண்ணினால் நம் கை தன்பாட்டில் ஒன்றிலும் மூன்றிலும் விழும். ரெகேயில் கிற்றார் இரண்டிலும் நாலிலும் வெட்டி ஒலிக்கும். ‘வன் டிரொப்’ என்ற அடியில் டிரம் ஒன்றை விட்டுவிட்டு மூன்றில் விழும். பேஸ் எல்லா இடத்தையும் நிரப்பாமல் வெற்றிடம் விட்டு நடக்கும். அந்த வெற்றிடத்தைக் கேட்கப் பழகினால்தான் யூபி40இன் மீள்பாடல்களில் எது மாறியது என்று பிடிபடும்: டிரம் இயந்திரச் சீரில் வரும், கீபோட் இடைவெளிகளை மெழுகிவிடும், விளிம்புகள் மழுங்கியிருக்கும். ‘கிங்ஸ்டன் டவுன்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு சிறுவனுக்கும் இது விளங்கும்.

ஆங்கில வரிகளை மேடையில் வாசிக்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டின் பொருளையும் இரண்டு வசனத்தில் தமிழில் எழுதி, அரைத்தாளில் அச்சடித்துக் கொடுங்கள். ‘ஃபூட் ஃபோர் தோட்’ கம்போடியப் பஞ்சத்தையும் நத்தார் விருந்தையும் எதிரெதிரே வைக்கும் பாட்டு. ஆங்கிலம் பேசுவோரிலேயே பலர் அதன் சொற்களைப் பிழையாகக் கேட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள்.

ஒட்டுவோர் கையில் என்ன இருக்கிறது

மிகப் பலமான ஆயுதம் யூபி40 பற்றியதே அல்ல, மார்லி பற்றியது. 1973இல் வந்த ‘கட்ச் எ ஃபயர்’ தட்டுக்காக ஜமேக்காவில் பதிந்த நாடாக்களை லண்டனுக்குக் கொண்டுபோய், ரொக் ரசிகர்களுக்குப் பிடிக்க வேண்டுமென்று அமெரிக்கக் கலைஞர் ஒருவரின் கிற்றாரையும் கூடுதல் கீபோட்டையும் மேலே சேர்த்தார்கள். ஐலண்ட் இசைத்தட்டு நிறுவனத்தின் கிறிஸ் பிளக்வெல் செய்வித்தது இது. இனிப்புச் சேர்ப்பது குற்றமானால் அது யூபி40இல் தொடங்கவில்லை. இதை முதற் பேச்சாளரிடம் கொடுக்காதீர்கள், இரண்டாமவர் சொல்லட்டும். முதலிலேயே வெளிவந்தால் எதிரணிக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடும்.

அடுத்தது பணம். மீளப்பாடினால் எழுதியவருக்கு உரிமைப்பணம் போகும். லோர்ட் கிரியேட்டர் வறுமையில் இருந்த காலத்தில் ‘கிங்ஸ்டன் டவுன்’ உரிமைப்பணம் அவருக்குக் கைகொடுத்தது. ஜமேக்கரே அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ‘சோல்’ வகைப் பாடல்களை ஏராளமாக மீளப்பாடியவர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

‘வன் இன் டென்’ பக்கம் போக ஆசை வரும். பத்தில் ஒருவருக்கு வேலையில்லை என்ற அந்தப் பாட்டு, பட்டம் முடித்து நியமனத்துக்குக் காத்திருப்போர் நிறைந்த வன்னிச் சபையில் கைதட்டலை அள்ளும். ஆனால் அது 1981. அளவுகோலாக வைத்தால் உங்கள் 1983ஐயே அது சிறிதாக்கிக் காட்டும்.

வெட்டுவோர் கையில்

‘சைனிங் ஓஃப்’இல் தென்னாபிரிக்க நிறவெறி ஆட்சியோடு பிரித்தானியாவுக்கு இருந்த பங்கைக் கண்டிக்கும் பாட்டு ஒன்று உண்டு. தென்னாபிரிக்காவில் வெளியிட்டபோது இசைத்தட்டு நிறுவனம் அதை நீக்கியது; குழு அந்த நிறுவனத்தை விட்டு விலகித் தன் சொந்த நிறுவனத்தைத் தொடங்கியது. ஒரு பாட்டுக்காக அவ்வளவு தூரம் போனவர்கள் பத்து ஆண்டுக்குப் பின் எதைப் பாடினார்கள் என்று கேளுங்கள். கூர்மையான கேள்வி, யாரையும் இழிவுபடுத்தாத கேள்வி.

பணம் பற்றிய வாதத்துக்கும் பதில் உண்டு. உரிமைப்பணம் எழுதியவருக்குப் போகும், பாடியவருக்கு அல்ல. ‘ரெட் ரெட் வைன்’ பணம் போனது நீல் டயமண்டுக்கு. யூபி40 பின்பற்றியதோ 1970இல் காலமான டோனி டிரைப்பின் பாணியை. 1993 பாட்டில் ஜமேக்க எழுத்தாளரே கிடையாது. பேர்மிங்காமிலேயே ஸ்டீல் பல்ஸ் என்ற குழு 1978இல் ‘ஹான்ட்ஸ்வேர்த் ரெவலூஷன்’ என்ற, ‘ரூட்ஸ்’ எனப்படும் மூலப்பாணி ரெகேத் தட்டைத் தந்தது. வேறு வழியும் இருந்தது என்பதற்கு அது சான்று.

இந்த அணி வழமையாகச் சறுக்கும் இடம் ஒன்று: “வெள்ளையர் பாடினால் ரெகே ஆகாது.” முதற்குழுவின் எட்டுப்பேரில் ஜமேக்க, யேமன் வம்சாவளியினரும் இருந்தார்கள். அஸ்ட்ரோவும் பேஸ் வாசித்த ஏர்ல் ஃபோல்கனரும் கறுப்பினத்தவர். மறுப்புரையில் ஒரே வரியில் விழுந்துபோகும் வாதம் இது.

“எங்கடை கோவலன் கூத்து மெட்டை எவரோ கீபோட்டில் போட்டு விற்றால் பொறுப்போமா?” என்ற ஒப்புமையும் எப்படியும் வரும். வரட்டும். சபைக்கு உடனே உறைக்கும். ஆனால் அதைச் சொல்பவர் ஒரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். கூத்து மெட்டுக்குப் பதிவான உரிமையாளர் இல்லை, அது ஊருக்குச் சொந்தம். ரெகே மீள்பாடல்களில் எழுதியவர் பெயரும் உரிமையும் பதிவில் உண்டு. வேறுபாட்டைச் சொல்லாவிட்டால் எதிரணித் தலைவர் சொல்லி, அந்த ஒப்புமையையே தன் பக்கம் இழுத்துக்கொள்வார்.

நேரமும் புள்ளியும்

அணிக்கு மூவர். முதற் பேச்சாளருக்கு 6 நிமிடம், மற்ற இருவருக்கும் 5, தலைவரின் மறுப்புரைக்கு 4. இரு அணிக்கும் சேர்த்து 40 நிமிடம். கேட்கும் பகுதி 25, சபையோர் கேள்வி 15. எல்லாம் 80 நிமிடத்தில் அடங்கும். முடிவுக்கு ஒரு நிமிடம் முன் ஒரு மணி, முடிவில் இரண்டு மணி.

நடுவர் மூவர். ஒருவராவது வாத்தியம் வாசிப்பவராக இருக்கட்டும்; தேவாலயப் பாடகர் குழுவில் கீபோட் வாசிப்பவரோ கோயில் தவில்காரரோ போதும், ரெகே தெரிந்திருக்க வேண்டியதில்லை. கருத்துக்கும் சான்றுக்கும் 40, மறுப்புக்கு 25, கேட்ட துண்டுகளிலிருந்து எடுத்துக்காட்டியதற்கு 20, மொழிநடைக்கு 15. பாடசாலை விவாதப் போட்டிப் பழக்கத்தில் மொழிநடைக்கு அள்ளிக் கொடுக்கும் நடுவர்கள் இருக்கிறார்கள். அடுக்குமொழிக்காரர் அங்கே தப்பிவிடுவார். அந்த 20ஐ வாங்க வேண்டுமானால் பேச்சாளர் “மூன்றாவது துண்டில், அஸ்ட்ரோ தொடங்கும் இடத்தில்” என்று இடத்தைச் சுட்ட வேண்டும்.

“70 மில்லியன் தட்டு விற்றது” என்ற எண் மேடையில் வந்தால் நடுவர் குறுக்கிட வேண்டாம். அந்த எண்ணுக்குப் புள்ளி எதுவும் போடாமல் விட்டால் போதும். சமநிலை வந்தால் மறுப்புரைப் புள்ளியைப் பாருங்கள். அதுவும் சமமென்றால் பேச்சாளர் எவரும் தொடாத துண்டு ஒன்றை மறுபடி போட்டு, தலைவர்கள் இருவருக்கும் ஒன்றரை நிமிடம் கொடுத்து, அதை மட்டும் வைத்துப் பேச விடுங்கள்.