கிணறு போடக் கிளம்பும் தம்பி தங்கைகளுக்கு: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வெளிநாட்டு மேம்பாட்டுப் பணியில் பல வருடங்களாக இருக்கிறேன். சிங்கப்பூரிலிருந்து தொண்டூழியத்துக்குக் கிளம்பும் மாணவர்களும், இதையே வேலையாக எடுக்கலாமா என்று யோசிக்கிறவர்களும் என்னிடம் அதிகம் கேட்பது, "அங்கே என்ன கொண்டுபோகலாம்?" முதல் தவறே அதுதான். நாம் திரும்பி வந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள்.

அடிகுழாயை எடுத்துக்கொள்ளுங்கள். போட்ட அன்று ரிப்பன் வெட்டலாம், பிள்ளைகள் தண்ணீரில் ஆடுவார்கள், நல்ல படங்கள் கிடைக்கும். ஆனால் உள்ளே உள்ளங்கையில் அடங்கும் ஒரு வாஷர் இருக்கிறது, அது தேய்ந்துவிட்டால் எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் ஏறாது. விலை ஒன்றும் பெரிதில்லை. கடை ஆற்றுக்கு அக்கரையில், கழற்ற ஸ்பேனர் யாரிடமும் இல்லை, பழுதுக்குப் பணம் வசூலிக்க ஊரில் ஆளும் போடவில்லை, அவ்வளவுதான். கம்போடியாவில் இப்படிப்பட்ட ஒரு குழாயில் மாட்டைக் கட்டியிருந்தார்கள். கொடுத்தவர்களின் பெயர்ப்பலகை மட்டும் பளபளவென்று இருந்தது, பெண்கள் பழையபடி குளத்துக்கே போய்க்கொண்டிருந்தார்கள். 1970களில் இந்தியாவில் உருவான 'இந்தியா மார்க் 2' அடிகுழாய் உழைப்பதற்குப் பெயர் போனது, ஆனால் அதைப் பிரிக்க மெக்கானிக்கும் கனமான கருவிகளும் வேண்டும். பின்னால் வந்த ஆஃப்ரிடெவ் குழாயை ஊர்க்காரர்களே பிரித்து மாட்டும்படி வடிவமைத்தது அதனால்தான்.

சரி, தண்ணீர் வந்துவிட்டால் போதுமா? பங்களாதேஷில் குளத்து நீரால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுக்க 1970களிலிருந்து லட்சக்கணக்கில் குழாய்க்கிணறுகள் போட்டார்கள். அந்தத் தண்ணீரில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருப்பது அங்கே தெரியவந்தது 1993இல்தான். அந்தக் காலத்து வழக்கமான சோதனைகளில் ஆர்செனிக் இல்லை. கம்போடியாவில் மீகாங் ஆற்றை ஒட்டிய பகுதிகளிலும் இந்தப் பிரச்சினை உண்டு, ஆகவே ஆய்வக முடிவு கைக்கு வராமல் பெயர்ப்பலகைக்கு ஆர்டர் கொடுக்காதீர்கள்.

தமிழ்நாடு, இலங்கை என்றால் நம்மவர்களுக்குத் தனித் தைரியம், மொழிதான் தெரியுமே என்று. அதுவே கண்ணை மறைக்கும். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் உதவிப் பட்டியல்கள் பெரும்பாலும் மீனவர் பஞ்சாயத்துகள் வழியாகப் போயின; கடலுக்குப் போகாத கூலித் தொழிலாளர்கள், தலித் குடும்பங்கள் பலர் விடுபட்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் அன்பாகப் பேசி, காப்பி கொடுத்து, பட்டியலைக் கையில் வைத்தால் அதில் யார் இல்லை என்று கேட்க நமக்கு வாய் வராது, "நம்ம ஆளுங்கதானே" என்ற நினைப்பில் கேட்கவும் தோன்றாது. அதே நேரத்தில் வந்து குவிந்த பழைய துணிகள் சாலையோரம் மலையாகக் கிடந்தன. படகுகளோ, சுனாமியில் போனதைவிட அதிகமாகவே கொடுக்கப்பட்டன.

ஆதரவற்றோர் இல்லத்தில் ஒரு நாள் பாட்டும் விளையாட்டும் என்று பயணத் திட்டத்தில் இருந்தால், தயவுசெய்து அதை நீக்கிவிடுங்கள். கம்போடிய இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். பார்க்க வரும் கூட்டமும் பணமும்தான் பல இல்லங்களை நடத்துகின்றன; நாம் போவது பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைக்கவே உதவும்.

அப்புறம், "எங்கள் சிங்கப்பூரில் இப்படித்தான் செய்தோம்" என்று ஆரம்பிக்காதீர்கள். இங்கே குழாய் உடைந்தால் தண்ணீர் விநியோகத்தைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தைக் கூப்பிடுகிறோம். அங்கே கூப்பிட யாரும் இல்லை என்பதுதானே பிரச்சினை. சொல்லப்போனால் நாமும் ஆலோசனை வாங்கிய ஊர்தான். 1960இல் ஐநா குழுவுக்குத் தலைமை தாங்கி வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ் அறிக்கையைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, 1984 வரை ஆலோசகராகத் திரும்பத் திரும்ப வந்தார். பத்து நாளில் ஊரை மாற்றப்போவதாக விண்ணப்பத்தில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

பணம் திரட்டும்போது "ஒரு காசுகூட நிர்வாகச் செலவுக்குப் போகாது" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த நிர்வாகச் செலவில்தான் மாதம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்க் குழாயைப் பார்த்துவரும் உள்ளூர்க்காரரின் சம்பளமும் இருக்கிறது. இன்னொன்று, வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். லிட்டில் இந்தியாவின் தேக்காவில் உண்டியலோடு நிற்பதற்கு முன்பே அதை வாங்கிவிடுங்கள்.