கடற்பாசியும் கூண்டு மீனும்: கரையோரத் தொழிலாளர் பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ராமநாதபுரம் மாவட்டத்தின் வடகடலான பாக் விரிகுடா ஓரத்தில், மண்டபத்திலிருந்து தொண்டி வரையுள்ள ஊர்களில், கடற்பாசி வளர்ப்பு புதிய தொழில் அன்று. மண்டபத்தில் இயங்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிலையம், உணவைக் கெட்டியாக்கும் கராஜீனன் என்னும் பொருளை எடுக்க உதவும் கப்பாபைகஸ் பாசியை மூங்கில் மிதவையில் வளர்க்கும் முறையை வகுத்துக் கொடுத்தது. 2000க்குப் பின் பெப்சி நிறுவனம் ஒப்பந்த முறையில் அதைக் கரையோரக் குடும்பங்களிடம் கொண்டு சென்றது. அதனால்தான் பல ஊர்களில் அதற்குப் ‘பெப்சிப் பாசி’ என்றே பெயர். 2020இல் மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டம் வந்ததும், 2023இல் வலமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டப்பட்டதும் பயிற்சி முகாம்களின் எண்ணிக்கையைக் கூட்டியிருக்கின்றன. முகாம் பெருகிய அளவுக்குத் தொழிலில் நிலைத்தவர்கள் பெருகினார்களா என்பது வேறு கேள்வி. மகளிர் குழுக் கூட்டமைப்புகள், தொண்டு நிறுவனங்கள், மீன்வளக் களப் பணியாளர்கள் என இப்பயிற்சிகளை நடத்துவோரை மனத்தில் வைத்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. தொழில்நுட்பத்தைத் தப்பாகச் சொல்லிக் கொடுப்பதால் கெடும் பயிற்சிகளை விட, கடலின் காலத்தைப் பார்க்காமல் அலுவலகக் கணக்கு ஆண்டைப் பார்த்து நடத்துவதால் கெடும் பயிற்சிகளே அதிகம்.

காலம் பார்க்காமல் தொடங்குவது

பாக் விரிகுடாவில் அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வாடைக்காற்று அடிக்கும். அப்போது வடகடல் கலங்கி, மிதவைகளின் கட்டு அவிழ்ந்து, பாசி அறுந்து கரையில் ஒதுங்கும். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக் காலத்தில் இதே வடகடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்கடலான மன்னார் வளைகுடா கொந்தளிக்கும். இது அங்குள்ள சிறுவனுக்கும் தெரியும். ஆனால் நிதி ஒதுக்கீடு ஆகஸ்டில் வந்து, ஒப்புதல் செப்டம்பரில் கிடைத்து, பயிற்சி அக்டோபரில் நடந்து, மிதவைக்கான மூங்கில் நவம்பரில் வந்து இறங்குவது வழக்கமாகிவிட்டது. முதல் மிதவையையே வாடையில் இழந்த பெண்ணிடம் மறு ஆண்டு போய், ‘இது லாபகரமான தொழில்’ என்று சொன்னால் அவர் நம்ப மாட்டார், நம்பாதது நியாயமும்கூட.

வகுப்பறைப் பகுதியை வாடைக் காலத்தில் வைத்துக்கொள்ளலாம். மூங்கில் அறுப்பது, மிதவை கட்டுவது, கயிற்றில் முடிச்சுப் போடுவது எல்லாம் கரையில் நடக்கும் வேலைகள். அவற்றை மழை இடைவெளிகளில் பழகலாம். கடலில் இறங்கும் பகுதி தை பிறந்து கடல் தெளிந்த பின் வர வேண்டும். ஏப்ரல், மே மாதங்களின் வெப்பத்தில் பாசியின் வளர்ச்சி மந்தமாகும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தமிழகத்தின் கப்பாபைகஸ் உற்பத்தி 2012-13இல் உச்சத்தைத் தொட்டு, அதையடுத்துக் கடல் வெப்பம் மிகுந்து பாசி பெருமளவில் மடிந்தபோது சட்டெனச் சரிந்தது. அந்தச் சரிவைக் கண்ட குடும்பங்கள் இன்றும் அந்த ஊர்களில் இருக்கின்றன. அவர்கள் முன்னால் நின்று வெப்பத்தைப் பற்றிப் பேசாமல் பாடம் எடுக்கும் பயிற்றுநருக்கு மரியாதை மிஞ்சாது.

மொத்த எடையை வருமானமாகக் காட்டுவது

எல்லாப் பயிற்சிகளிலும் கரும்பலகையில் எழுதப்படும் கணக்கு ஒன்று உண்டு. பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி சதுர மிதவையில் 20 கயிறுகள். கயிற்றுக்கு 20 நாற்றுகள். நாற்று ஒன்று 150 கிராம். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. நாற்பத்தைந்து நாளில் அது ஏறத்தாழ 260 கிலோவாகும். இதுவரை சரி. அடுத்த வரியில் 260ஐ விலையால் பெருக்கும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. அதிலிருந்து 60 கிலோவை மறுநடவுக்கு எடுத்து வைத்தாக வேண்டும். மீதம் 200 கிலோ. பாசி உலர்ந்தால் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும் என்பதால், கைக்கு வருவது 20 கிலோ உலர்பாசி. ஒருவருக்கு 45 மிதவைகள், நாளுக்கு ஒரு மிதவை அறுவடை என்பது பயிற்சிகளில் சொல்லப்படும் சுழற்சி முறை. அப்படியானால் நாளொன்றுக்குச் சுமார் 20 கிலோ. அதிலும் வாடை மாதங்கள் கழியும். காற்று எழும்பிய நாள்கள், மழை நாள்கள், வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாத நாள்கள் கழியும். மீன்களின் மேய்ச்சலுக்கும் நோய்க்கும் போனது கழியும். இந்தக் கழித்தல்களைப் பயிற்சி பெறுவோரே தங்கள் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். தொகை சிறுத்துத் தெரிந்தால் ஆள் வராமல் போய்விடுவார்கள் என்று அஞ்சும் அமைப்பாளர்கள் உண்டு. பெரிய தொகையைக் காட்டி அழைத்து வந்தவர்கள் மூன்றாம் மாதத்தில் கிளம்புவதை விட, சிறிய தொகையைக் கேட்டு முதல் நாளே கிளம்புவது இருதரப்புக்கும் நல்லது.

இதே கணக்கில் பயனுள்ள இன்னொரு பக்கமும் உண்டு. அதை யாரும் பலகையில் எழுதுவதில்லை. ஒரு மிதவையின் விளைச்சல் முழுவதையும் விதையாக்கினால் நான்கு மிதவைகளுக்கு நடலாம். ஆகவே எடுத்த எடுப்பில் 45 மிதவைகளுக்கும் விதை வாங்கிக் கொடுக்கத் தேவையில்லை. ஜனவரியில் சில மிதவைகளில் தொடங்கி, முதல் இரண்டு சுற்று விளைச்சலை விற்காமல் பெருக்கிக்கொண்டே போனால், கோடைக்குள் கையும் பழகும், விதைச் செலவும் குறையும். வரவு தள்ளிப்போகும் என்பது உண்மைதான். அந்த மூன்று மாதங்களுக்கு ஒரு சிறு உதவித்தொகை ஏற்பாடு செய்வது, மடிந்துபோகும் விதைக்கு மானியம் கொடுப்பதை விட மலிவு.

விதையைக் கையாளத் தெரியாமல் அனுப்புவது

விதைப்பாசி உயிருள்ள பொருள் என்பது பயிற்சி ஏட்டில் ஒரு வரியாக இருக்கும். நடைமுறையில் அது வெயிலில் நிற்கும் சரக்கு வண்டியில், பாலித்தீன் மூட்டைக்குள் வெந்துகொண்டிருக்கும். அதிகாலையில் வெட்டி, நிழலில் வைத்து, ஈரச்சாக்கால் மூடி, கடல்நீர் தெளித்துக்கொண்டே கொண்டுவந்து அன்றைக்கே கட்டி இறக்க வேண்டும். வாடுகிறதே என்ற அக்கறையில் குழாய்த் தண்ணீரைத் தெளித்துவிடுவோர் உண்டு; நன்னீர் பட்டால் பாசி வெளுத்து நைந்துவிடும். நாற்றைத் தேர்ந்தெடுப்பதையும் சொல்லாமல் காட்ட வேண்டும். நல்ல நாற்று இளங்கிளைகளோடு விறைப்பாக, பளபளப்பாக இருக்கும்; வளைத்தால் சட்டென்று முறியும். தொட்டால் வழவழவென்று துவளுவதையும், கணுக்களில் வெள்ளை விழுந்ததையும், மேலே நுண்பாசி படிந்ததையும் ஒதுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்க்கச் சொல்வது நல்ல பாடம். முடிச்சு இறுகினால் தண்டு அறுபடும், தளர்ந்தால் அலையில் நழுவும். அந்த அளவு, நூறு முடிச்சுப் போட்ட பிறகே விரலுக்கு வரும்.

கிளைகள் வெளுத்து ஒடிந்து விழுவது நீர் வெப்பம், மழைக்குப் பின் உப்புத்தன்மை குறைதல் போன்ற நெருக்கடிகளில் வரும் நோய். அதற்கு மருந்து இல்லை. வெளுத்த பகுதியை வெட்டி எடுப்பதும், முற்றியிருந்தால் முன்கூட்டியே அறுப்பதும்தான் வழி. ஓரா மீன் கூட்டமாக வந்து நுனிகளைக் கடித்துத் தின்றுவிடும்; மிதவைக்கு அடியில் வலை கட்டாமல் விட்டால் இரண்டு நாளில் கயிறு மொட்டையாகும். அடியில் கட்டும் வலையை வீண் செலவு என்று பட்டியலிலிருந்து நீக்கிய திட்டங்கள் பின்னர் விதைக்கு இரட்டிப்பாகச் செலவழித்திருக்கின்றன. நாற்பத்தைந்து நாளைத் தாண்டி ‘இன்னும் கொஞ்சம் பருக்கட்டும்’ என்று விடுவதும் நட்டமே. கனத்த செடி தன் எடையிலேயே அறுந்து போகும்.

கழிவைக் கடலிலேயே வீசுவது

கப்பாபைகஸ் நம் கடலுக்கு உரியதன்று, வெளிநாட்டிலிருந்து வந்தது. துண்டு ஒன்று விழுந்த இடத்திலிருந்தே தழைக்கக்கூடியது. 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பகுதியில் அது பவளப்பாறைகளின் மேல் படர்ந்திருந்தது பதிவாயிற்று. அதற்கு முன்பே, 2005இல், இப்பாசி வளர்ப்பைப் பாக் விரிகுடாப் பக்கத்துக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கேயுள்ள கடலுக்குமாக வரையறுத்துத் தமிழக அரசு ஆணை பிறப்பித்திருந்தது. 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊரில், எங்கே மிதவை போடலாம், எங்கே கூடாது என்பதை விளக்காமல் பயிற்சியை முடிப்பது, பயிற்சி பெற்றவரை வனத்துறை வழக்கில் கொண்டுபோய் நிறுத்தும். வெட்டிய கழிவு, அறுந்த கயிறு, நோய்ப்பட்ட கிளை அனைத்தும் கரைக்கு வர வேண்டும் என்பது முதல் நாளிலேயே பழக்கமாக வேண்டும்.

கடலை அறிந்தவர்களுக்கு அரிச்சுவடி நடத்துவது

பாம்பன், சின்னப்பாலம் பக்கத்துப் பெண்கள் கப்பாபைகஸ் வருவதற்கு வெகு காலத்துக்கு முன்பிருந்தே மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை ஆகியவற்றை இயற்கையாக விளையும் இடங்களிலிருந்து முங்கி எடுத்து வருபவர்கள். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி அணிந்து, மூச்சடக்கிப் பாறையிடுக்கில் கை விட்டுப் பறிப்பவர்கள். பாசி அழியாமலிருக்க மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது, உலோகச் சுரண்டியைக் கைவிடுவது என்று தாங்களாகவே கூடிக் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு அமைப்பின் விருது கிடைத்தது. இவர்களை உட்கார வைத்து ‘கடற்பாசி என்றால் என்ன’ என்று முதல் படத்தைத் திரையில் ஓட்டுவது அறியாமை. எந்த இடத்தில் நீரோட்டம் போதும், எங்கே நீர் வற்றும்போது மிதவை தரையில் உரசும், எங்கே ஓரா கூடும் என்பதை அவர்கள்தான் சொல்வார்கள். பயிற்றுநர் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இதோடு ஒட்டிய தவறு, ஆண்களின் பெயரில் மிதவையைப் பதிந்துவிட்டுப் பெண்களிடம் வேலையை வாங்குவது. நாற்றுக் கட்டுவதும் உலர்த்துவதும் பெரும்பாலும் பெண்களே. பயனாளிப் பட்டியலும் வங்கிக் கணக்கும் அவர்கள் பெயரில் இருந்தால், மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமாக உள்ள மானியம் மகளிருக்கு 60 சதவீதமாகிறது. பயிற்சி நடத்துபவருக்கே இது தெரியாமலிருப்பது வியப்பு. இடுப்பளவு நீரில் பல மணி நேரம் நிற்பவர்களுக்குக் கையுறை, காலுறை, சொறிமீன் பட்டால் செய்ய வேண்டிய முதலுதவி, கரையில் ஒரு கழிப்பறை ஆகியவையும் பயிற்சிச் செலவுக்குள் அடங்க வேண்டியவை.

கூண்டு மீனைத் தனிப் பாடமாக வைப்பது

கடல் விரால் (கோபியா) மீனின் குஞ்சு உற்பத்தியில் மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் 2010இல் வெற்றி கண்ட பிறகு, மிதவைக் கூண்டில் மீன் வளர்ப்பு இதே ஊர்களுக்கு வந்தது. ஆறு மீட்டர் விட்டமுள்ள ஒரு கூண்டைச் சுற்றி 16 பாசி மிதவைகளை நிறுத்தும் கூட்டுமுறையையும் அந்நிலையம் செய்து காட்டியிருக்கிறது. மீன் தின்னாமல் விட்ட இரையும் கழிவும் கரைந்து பாசிக்கு உரமாகின்றன. அப்படியிருக்க, மீனுக்கு ஒரு பயிற்சி, பாசிக்கு ஒரு பயிற்சி என்று இரண்டு வெவ்வேறு குழுக்களுக்கு நடத்துவதில் பொருளில்லை.

இங்கும் காலக்கணக்குதான் முதலில் உதைக்கும். கடல் விரால் விற்கும் எடைக்கு வளர ஏறத்தாழ ஏழு மாதமாகும். வாடைக்கு முன் செப்டம்பரில் பிடிக்க வேண்டுமென்றால் பிப்ரவரிக்குள் குஞ்சு கூண்டில் இறங்கியிருக்க வேண்டும். ஜூனில் இறக்கினால் அரைகுறை எடையில் பிடித்துக் குறைந்த விலைக்குத் தள்ள நேரும், அல்லது கூண்டோடு வாடையிடம் விட நேரும். குஞ்சுப் பையை அவிழ்த்து அப்படியே கொட்டுவது, கொடுவாவையும் கடல் விராலையும் அளவு பிரிக்காமல் விட்டுப் பெரியது சிறியதை விழுங்கப் பார்த்திருப்பது, பாசியும் சிப்பியும் அடைத்த வலையை மாற்றாமல் நீரோட்டத்தைத் தடுப்பது, மீன் மேலே வருவது நின்ற பிறகும் இரையைக் கொட்டிக்கொண்டேயிருப்பது ஆகிய நான்கும் முதல் ஆண்டுக்காரர்கள் எல்லா இடத்திலும் செய்பவை. இரைச் செலவே கூண்டு வளர்ப்பின் பெருஞ்செலவு என்பதால், நாள்தோறும் எவ்வளவு போட்டோம் என்று எழுதிவைக்கும் பழக்கத்தைக் குறிப்பேட்டோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

உலர்த்தலையும் விற்பனையையும் கடைசி மணி நேரத்துக்கு ஒதுக்குவது

மணலில் பரப்பி உலர்த்திய பாசியில் மணல் ஒட்டும். வாங்குபவர் எடையைக் கழிப்பார். உலரும்போது மழை பட்டால் உப்பு கழுவப்பட்டுத் தரம் இறங்கும். தரைக்கு மேலே வலை கட்டிய மேடையும், இரவிலும் மழையிலும் மூடத் தார்ப்பாயும் இருந்தால் போதும். அடுத்து, யார் வாங்குவார், எந்த ஈரப்பதத்தில், எந்த விலைக்கு, எத்தனை நாளில் பணம் என்பவற்றை நடவுக்கு முன்பே எழுத்தில் பெற வேண்டும். ஒரே வாங்குபவரை நம்பியிருக்கும் ஊரில் விலையை அவரே சொல்வார். பயிற்சி நாளில் வாங்குபவரையும் அழைத்து, எடைத்தராசையும் ஈரத்தைச் சோதிக்கும் விதத்தையும் எல்லோர் முன்னிலையிலும் காட்டச் சொல்வது பின்னால் வரும் தகராறுகளில் பாதியைத் தவிர்க்கும்.

மூன்று நாள் முகாம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு போவதற்கு மாற்றாக, சான்றிதழை முதல் அறுவடையை நிறுத்து, மறுநடவுக்கான 60 கிலோவைப் பிரித்து வைத்த நாளில் கொடுக்கலாம். இடையில் வரும் ஆறு வாரங்களில் வாரத்துக்கு ஒரு முறையாவது களப் பணியாளர் கடலில் இறங்கி மிதவையைப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்கான படகுச் செலவையும் திட்ட மதிப்பீட்டில் முதலிலேயே எழுதிவிட வேண்டும்.