போன் நிறமும் வால்பேப்பரும்: மாற்றும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் போனை அழகாக்கித் தரலாம் என்று உட்கார்ந்தேன். கோயில் கோபுரப் படத்தை வால்பேப்பராக வைத்தேன். ஐகான்கள் எல்லாம் அந்தப் படத்தின் சாயலிலேயே வரும்படி 'தீம்டு ஐகான்ஸ்' வசதியையும் போட்டுவிட்டேன். மறுநாள் காலை அம்மா போனை நீட்டி, "அந்தப் பச்சையைக் காணோமே, எங்கே போச்சு?" என்று கேட்டார்.

அவர் வாட்ஸாப்பைப் பெயர் படித்துத் தேடுவதில்லை. பச்சை நிறம்தான் அவருக்கு அடையாளம். ஒரே நிறத்தில் எல்லாவற்றையும் தோய்த்தெடுத்ததும் அந்த அடையாளம் போய்விட்டது. வால்பேப்பரிலிருந்து நிறத்தை எடுத்துப் போன் முழுக்கப் பூசும் வசதி 2021-ல் ஆண்ட்ராய்டு 12-உடன் வந்தது. 2022-ல் ஆண்ட்ராய்டு 13 அதைப் பிற செயலிகளின் ஐகான்களுக்கும் விரித்தது. இளைஞர்களுக்கு அது பிடிக்கும், எனக்கும் பிடிக்கும். ஆனால் கண் மங்கியவர்களுக்கும் எழுத்து தெரியாதவர்களுக்கும் போன் அமைத்துத் தரும்போது அந்த வசதியைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அடுத்து கோபுரம். நூற்றுக்கணக்கான சுதைச் சிற்பங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வண்ணங்கள். அதன் மேல் இருபது ஐகான்களும், அவற்றுக்குக் கீழே பொடி எழுத்தில் பெயர்களும் உட்கார்ந்தால் எது சிலை, எது செயலி என்றே பிரியாது. இது படத்தின் குற்றமில்லை, வைத்த இடம்தான் தப்பு. லாக் ஸ்கிரீனுக்கு ஒரு படமும் முகப்புத் திரைக்கு வேறு படமும் தனித்தனியாக வைக்கலாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நெரிசலான படத்தை லாக் ஸ்கிரீனுக்குக் கொடுத்துவிட்டு, முகப்புக்கு வானம், நாற்று வயல், வெறும் சுவர் என்று அமைதியான ஒன்றை வையுங்கள். வைத்ததும் போனைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்து, ஏதாவது ஒரு செயலியின் பெயரைப் படித்துப் பாருங்கள். கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தால் படத்தை மாற்றிவிடுங்கள். இணையப் பக்கங்களில் எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்று ஒரு சர்வதேச அளவுகோலே இருக்கிறது. வால்பேப்பர் வைக்கும்போது மட்டும் அதை யாரும் நினைப்பதில்லை.

லாக் ஸ்கிரீனில் குழந்தையின் படம் வைப்பவர்கள் கடிகாரம் எங்கே விழும் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலான போன்களில் மேல்பகுதியில்தான் மணி தெரியும், அது நேராகப் பிள்ளையின் நெற்றியில் போய் உட்காரும். தலைக்கு மேல் நிறைய இடம் விட்டு, நெட்டுவாக்கில் எடுத்த படமே இதற்குத் தோது. குடும்பக் குழுவில் வந்த படத்தை அப்படியே வைப்பதும் வேண்டாம். வாட்ஸாப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. 1080-க்கு 2400 புள்ளிகள் கொண்ட திரையில் அதை வெட்டிப் பெரிதாக்கினால் முகம் குழைந்துபோகும். எடுத்தவரிடமே கேட்டு, டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள்.

சரி, திரையின் பின்னணியைக் கறுப்பாக்கும் டார்க் தீமுக்கு வருவோம். அதைப் போட்டால் பேட்டரி நிறைய மிச்சம் என்று பலர் நம்புகிறார்கள். திரை எந்த வகை என்பதைப் பொறுத்தது அது. ஓஎல்இடி, அமோலெட் திரைகளில் கறுப்புப் புள்ளி என்றால் அணைந்த புள்ளி, அதனால் மிச்சமாகும். எல்சிடி-யில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும், கறுப்பு வைத்தும் பயனில்லை. உங்களுடையது எது என்று தெரிய, இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை சாம்பலாக ஒளிர்ந்தால் எல்சிடி. ஓஎல்இடி-யிலும் லாபம் நினைக்கிற அளவுக்கு இல்லை. 30 முதல் 50 சதவீத வெளிச்சத்தில் பயன்படுத்தினால் மிச்சம் 3 முதல் 9 சதவீதம்தான் என்று 2021-ல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வு சொன்னது. வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்திருந்தால்தான் 39 முதல் 47 சதவீதம் வரை போகிறது.

உச்சி வெயிலில் பேருந்து நிறுத்தத்தில் நின்று பாருங்கள், கறுப்புத் திரையில் உங்கள் முகம்தான் தெரியும். சிதறல் பார்வை (அஸ்டிக்மாடிசம்) என்ற கண் குறை உள்ள சிலருக்குக் கறுப்பில் வெள்ளை எழுத்து கசிந்தாற்போலத் தோன்றும். பகலில் வெளிர் நிறம், மாலை மங்கியதும் தானாகவே டார்க் என்று நேரம் குறித்து வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்புறம், டார்க் தீம் என்று நினைத்து 'கலர் இன்வர்ஷன்' பொத்தானைத் தட்டிவிடாதீர்கள். அது பழைய பிலிம் நெகட்டிவ் போல எல்லா நிறத்தையும் தலைகீழாக்கிவிடும், போன் கெட்டுவிட்டதோ என்று பயந்துபோவீர்கள்.

வால்பேப்பர் தரும் செயலி ஒன்று தொடர்புப் பட்டியலையும் இருப்பிடத்தையும் கேட்டால் உடனே நீக்குங்கள். படம் வைக்க அவை எதற்கு?

எல்லாவற்றையும் விட என்னைப் பதற வைப்பது வேறொரு தவறு. யாருடைய போனிலாவது பழைய வால்பேப்பரை மாற்றும் முன், அந்தப் படம் கேலரியில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். மூலப் படம் எப்போதோ அழிந்திருக்கும், போன் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி மட்டும் திரையில் நின்றிருக்கும். புதியதை வைத்ததும் பல போன்களில் அதுவும் போய்விடும். இறந்துபோன தாத்தாவின் முகமாக அது இருக்கலாம். கேலரியில் கிடைக்கவில்லை என்றால் முதலில் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு, அதன் பிறகு மாற்றுங்கள்.