பழைய கார் திரும்பத் திரும்ப ஹீட் ஆகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது. ஆனாலும் ஓட்டிப் பழக, சொந்தமாகக் கழற்றிப் பார்க்க என்று அதையே தேடி வாங்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், சந்தோஷம். வெயில் காலம் வந்தால் "அண்ணா, வண்டி ஹீட் ஆகுது" என்று வந்து நிற்பார்கள். அந்த வயதில் நாங்கள் எதையெல்லாம் சொதப்பினோமோ அதையே வரிசை மாறாமல் செய்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதே, தண்ணீர் இல்லாமல் ஓட்டாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது தெரியாதவர் பானட்டையே திறக்க வேண்டாம்.

எப்போது ஹீட் ஆகிறது என்று பார்க்காமலே ஸ்பேனரை எடுப்பது

சிக்னலில் நிற்கும்போது சூடு காட்டும் மீட்டர் முள் ஏறி, வண்டி ஓட ஆரம்பித்ததும் இறங்குகிறது என்றால் காற்று போதவில்லை. ஃபேன் மோட்டார், ரிலே, ஃபேன் ஸ்விட்ச், ஏசி கண்டென்சரில் அப்பியிருக்கும் தூசி, இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஊருக்குள் ஒழுங்காக ஓடிவிட்டு பைபாஸில் வேகம் பிடித்தாலோ கொல்லிமலை மாதிரி ஏற்றத்திலோ மட்டும் ஏறுகிறது என்றால் ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்த நேரத்தில் வேலை செய்ய வேண்டியது தண்ணீர் ஓட்டம். ரேடியேட்டர் அடைப்பு, அரித்துப்போன வாட்டர் பம்ப் இறக்கை, வேகத்தில் உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ் என்று தேடுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்து, எஞ்சின் இன்னும் சூடாகாதபோதே மேல் ஹோஸ் விறைத்துக்கொண்டால் சிலிண்டர் அழுத்தம் தண்ணீருக்குள் வருகிறது என்று சந்தேகப்படலாம். ஹெட் கேஸ்கட் (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேலே உட்காரும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவில் அடைக்கும் தகடு) பேச்சை அப்போது எடுத்தால் போதும். கார்புரேட்டர் வண்டியில் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்னால் தள்ளியிருந்தாலும் சூடு ஏறும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். "நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையே இல்ல சார், குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்று சொல்லி வால்வைக் கழற்றிக் குப்பையில் போட்டு, ஹவுசிங்கை மூடிவிடுவார்கள். அன்று சாயங்காலம் மீட்டர் முள் கீழேயே கிடக்கும். வண்டிக்காரருக்குப் பரம சந்தோஷம்.

தெர்மோஸ்டாட் செய்வது சின்ன வேலைதான். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கும், 82 அல்லது 88 டிகிரி வந்ததும் திறந்துவிடும். எந்த டிகிரி என்பது பெரும்பாலும் அதன் மேலேயே பொறித்திருக்கும். அதை எடுத்துவிட்டால் எஞ்சின் சரியான சூட்டுக்கு வரவே நேரமாகும், அதுவரை தேய்மானம் அதிகம். எம்பிஎஃப்ஐ வண்டியாக (கார்புரேட்டருக்குப் பதில் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து தெளிப்பது) இருந்தால், எஞ்சின் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது என்று கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டு பெட்ரோலைக் கூடுதலாகத் தள்ளும். இன்னொன்றும் இருக்கிறது, இது பல பேருக்குத் தெரியாது: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடியில் உள்ள தட்டு பைபாஸ் வழியை மூட வேண்டும். வால்வே இல்லையென்றால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலை, ஏற்றத்தில் சூட்டைக் கூட்டும்.

இதைவிடப் பெரிய கேடு, உண்மையான கோளாறை இது மறைத்துவிடுகிறது. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவன் தாம்பரம் பக்கம் ஒரு 800 வாங்கினான். ஏசி போட்டு மேம்பாலம் ஏறினால் முள் ஏறுகிறது என்று ஒரு பட்டறையில் காட்டியிருக்கிறான், அவர்கள் வழக்கம்போல வால்வைக் கழற்றிவிட்டார்கள். வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய்வருவதில் வண்டி சூடாகவே நேரமில்லை, அதனால் எல்லாம் சரியாகிவிட்டதாக நினைத்துக்கொண்டான். அப்புறம் ஒரு மே மாதம், நாலு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசியும் போட்டு திண்டிவனம் போகிற வழியில் ஒரேயடியாகக் கொதித்து ஆவி அடித்திருக்கிறது. அலுமினிய ஹெட், கொதித்தால் வளைந்துவிடும். லேத்தில் ஃபேசிங் அடித்து (மட்டமாகச் சீவி), புது கேஸ்கட் போட்டு, சம்பளத்தில் பெரும்பகுதியைக் கொடுத்து வண்டியை எடுத்தான். கொஞ்ச நாளில் மறுபடியும் கொதித்தது, மறுபடியும் ஹெட்டைப் பிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் என்னிடம் வந்தான்.

எஞ்சினைச் சூடாக்கி, அணைத்து, ஃபேன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேடியேட்டர் முகத்தில் கையை வைத்துப் பார்த்தோம். மேல் பாதி கொதிக்கிறது, கீழே ஒரு பெரிய திட்டு வெறும் வெதுவெதுப்பு. முன்னால் வைத்திருந்தவர் வருஷக்கணக்காக போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டியிருக்கிறார், உப்பு படிந்து பாதிக் குழாய்கள் அடைந்துவிட்டன. இரண்டு தடவை ஹெட்டைப் பிரித்தவர்களில் ஒருவர்கூட ரேடியேட்டரைத் தொட்டுப் பார்க்கவில்லை! ரேடியேட்டரை மாற்றி, சில நூறு ரூபாய்க்குப் புது தெர்மோஸ்டாட் போட்டு, ஹெட்டையும் மூன்றாவது முறை சரிசெய்த பிறகுதான் அந்த வண்டி அடங்கியது.

தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் என்றால் சோதிக்கலாமே. ஒரு பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் ஏற்றுங்கள். பொறித்திருக்கும் டிகிரிக்குப் பக்கத்தில் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லையா, புதிது வாங்குங்கள். மாட்டும்போது அதிலிருக்கும் குட்டி ஓட்டை மேல் பக்கம் வர வேண்டும், காற்று வெளியேறுவதற்குத்தான் அது.

மூடிதானே என்று விடுவது

ரேடியேட்டர் மூடி ஒரு வால்வு. அதில் 0.9 (பார்) என்று போட்டிருந்தால், அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது. ஸ்பிரிங் தளர்ந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டேங்க் வழியாக வெளியே தள்ளும், நீங்கள் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படுவீர்கள். வண்டி ஆறியதும் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டியிருக்கிறதா? உள்ளே இழுக்கும் சின்ன வால்வு மாட்டிக்கொண்டது. மூடியை மாற்றுங்கள்.

காற்றை வெளியேற்றாமல் மூடிவிடுவது

கூலண்ட் மாற்றினீர்கள், அன்றிலிருந்து ஹீட் ஆகிறது என்றால் பெரும்பாலும் ஏர் லாக். ஆறிய எஞ்சினில், முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியைத் திறந்தபடி ஸ்டார்ட் செய்து குமிழ் அடங்கும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். குமிழ் நிற்கவே மாட்டேன் என்கிறதா, சரி, இப்போது கேஸ்கட்டைப் பாருங்கள்.

மஞ்சள் தூள்

ரேடியேட்டர் கசிவை அடைக்க இதைப் போடுவது வீடு போய்ச் சேர்வதற்கு மட்டும்.

முள் இறங்கிவிட்டது என்று நம்புவது

தண்ணீர் மொத்தமும் போய்விட்டால் சென்சார் ஆவியில் நிற்கும், முள் கீழே வரும். உடனே அணையுங்கள்.

ஃபேனை டைரக்ட் கொடுப்பது

ஸ்விட்சையும் ரிலேயையும் விட்டுவிட்டு ஃபேனுக்கு நேராகக் கரண்ட் கொடுப்பது, டிராஃபிக்கில் மாட்டிக்கொண்ட அன்றைக்குப் பரவாயில்லை. மறுநாளே ஸ்விட்சையோ ரிலேயையோ மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மோட்டார் எரிந்து, அது எரிந்ததும் தெரியாமல் ஓட்டுவீர்கள். புது மோட்டார் போட்டால் இன்னொரு சோதனை: கிரில் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள், ஃபேன் அதை உள்ளே இழுத்து ஒட்ட வைக்க வேண்டும். வெளியே தள்ளினால் ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.