தக்காளி வேர்முடிச்சு நூற்புழு: மண் பூஞ்சாணத்தைக் கொண்டு கட்டுப்படுத்தும் முறை

தண்ணீரும் உரமும் குறையாத தக்காளிச் செடிகள் உச்சிவெயிலில் வாடி, மாலையில் தேறி, நாளடைவில் வெளிறித் திட்டுத் திட்டாகக் குட்டையாக நின்றால், மருந்து வாங்கப் புறப்படுவதற்கு முன் ஒரு செடியை மண்ணோடு தோண்டியெடுத்து வேரைக் கழுவிப் பார்க்க வேண்டும். பிடுங்கினால் சல்லிவேர்கள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பார்க்க வேண்டியது அவற்றைத்தான். பயறு வகைச் செடிகளின் வேர்முண்டுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருப்பதால் விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடும். நூற்புழுவால் உண்டாகும் முடிச்சு, வேரின் சதையே வீங்கியது என்பதால் தனியே பிரிந்து வராது.

இந்தப் புழுவின் பெண், வேருக்குள் உட்கார்ந்த இடத்திலேயே பசை போன்ற ஓர் உறைக்குள் சில நூறு முட்டைகளை இடும். வெதுவெதுப்பான மண்ணில் ஒரு தலைமுறை ஏறக்குறைய ஒரு மாதத்தில் முடிந்துவிடும். பர்பூரியோசிலியம் லிலாசினம், பொக்கோனியா கிளமிடோஸ்போரியா ஆகிய இரு பூஞ்சாணங்களும் முக்கியமாகத் தாக்குவது இந்த முட்டைகளையே: முட்டையின் ஓட்டைக் கரைத்து உள்ளே புகுந்து கருவைத் தின்கின்றன. ஆகவே, வேருக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட புழுவை இவை வெளியே இழுத்துக் கொல்லும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முடிச்சு மிகவும் பெருத்துவிட்டால் முட்டைகள் அதன் உள்ளேயே சிக்கி, பூஞ்சாணத்துக்கு எட்டாமல் தப்பிவிடுவதும் உண்டு. செடி வாடிய பிறகு ஊற்றிப் பார்த்துவிட்டுப் பலனில்லை என்று கைவிடுவோர் தவறவிடுவது இதைத்தான். நடவுக்கு முன்பே பூஞ்சாணம் மண்ணில் நிலைகொண்டிருக்க வேண்டும்.

இந்தப் பூஞ்சாணத் தூளை வாங்கும்போது தயாரிப்புத் தேதியையும் காலாவதித் தேதியையும் பார்ப்பது அவசியம், ஏனெனில் பொட்டலத்தில் இருப்பது உயிருள்ள வித்துகள். வெயிலில் அடுக்கி வைத்திருக்கும் சரக்கை வாங்க வேண்டாம். லிலாசினத்தைப் பழைய பெயரான பேசிலோமைசிஸ் லிலாசினஸ் என்றே சிலர் இன்றும் விற்கிறார்கள், இரண்டும் ஒன்றுதான். தூளைக் கையாளும்போது முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். கண்ணில் பட விடக் கூடாது, நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது.

வெறும் தூளை வயலில் தூவுவதைவிட எருவில் பெருக்கி இடுவது பன்மடங்கு மேல். 100 கிலோ நன்கு மக்கிய தொழு உரத்துக்கு லிலாசினம் அல்லது பொக்கோனியா 200 கிராம், டிரைக்கோடெர்மா என்ற இன்னொரு நன்மை செய்யும் பூஞ்சாணம் 200 கிராம் என்ற அளவில் கலந்து, சிறிது வேப்பம் புண்ணாக்கும் சேர்த்து, பிடித்தால் உருண்டையாகவும் தட்டினால் உதிரவும் செய்யும் அளவுக்கு நீர் தெளித்து, நிழலில் குவித்து ஈரச் சாக்கால் மூடி வைக்க வேண்டும். இடையிடையே புரட்டிவிட்டு, ஈரம் குறைந்தால் மறுபடியும் தெளித்து வந்தால் 15 நாளில் எரு தயாராகிவிடும். மக்காத சாணத்தில் சூடு ஏறும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது.

முதலில் காக்க வேண்டியது நாற்றங்காலை. பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளால் இறுக மூடி, கோடையில் 4 முதல் 6 வாரம் வெயிலில் விட்டால் மண்ணின் சூட்டில் புழுக்களும் முட்டைகளும் பெருமளவு மடியும். அந்தச் சூடு நன்மை செய்யும் பூஞ்சாணத்தையும் விட்டுவைக்காது என்பதால், தாளை எடுத்து மண் ஆறிய பின்னரே பூஞ்சாணத்தைச் சதுர மீட்டருக்கு 50 கிராம் வீதம் இட்டுக் கலந்து விதைக்க வேண்டும். நாற்றை வெளியே வாங்குவோர், குழித்தட்டிலிருந்து இரண்டொரு நாற்றை உருவி வேரைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். முடிச்சுள்ள நாற்றோடு புழுவும் வயலுக்குள் வந்துவிடும். நடவின்போது, ஊட்டமேற்றிய எருவைக் குழிக்கு ஒரு கைப்பிடி வீதம் இட்டு மண்ணோடு கலந்து, அன்றே நீர் பாய்ச்ச வேண்டும்.

நாற்றழுகலுக்கென்று கார்பென்டசிம் போன்ற பூஞ்சாணக்கொல்லியை அதே வேரில் ஊற்றினால் இத்தனை உழைப்பும் வீண். தவிர்க்க முடியாத நிலையில் இரண்டுக்கும் இடையே குறைந்தது 15 நாள் இடைவெளி விட வேண்டும். தக்காளிக்குப் பின் கத்தரி, வெண்டை, பாகல், புடலை என்று போனால் அவையும் இப்புழுவுக்கு இரையே. ஒரு பருவம் செண்டுமல்லி போடுவது நல்லது. அதன் வேரில் ஊறும் பொருள் நூற்புழுவுக்கு நஞ்சு. அறுவடை முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடாமல், தோண்டியெடுத்து எரித்துவிட்டுக் கோடை உழவு செய்ய வேண்டும். அந்த வெயிலில் மேல்மண் காயும்போது பூஞ்சாணமும் குறைந்துவிடும் என்பதால், அடுத்த நடவுக்கு இரு வாரம் முன்பே புதிதாக எருவைக் கலந்து வைப்பது அவசியம்.