வெள்ளாண்மைச் செலவில் எண்ணெய்க் கணக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எரிபொருள் விலை திருத்தப்பட்டதாக அறிவிப்பு வந்ததும், மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் வெள்ளாண்மை செய்பவர்கள் பலர் முதலில் பார்ப்பது மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கும் பெற்றோலின் விலையைத்தான். ஓர் ஏக்கர் வயலின் வரவு செலவை அசைப்பதோ டீசல். அதிலும் விவசாயி தன் கையால் வாங்கும் டீசல் கொஞ்சம், உழவு இயந்திரக்காரரும் அறுவடை இயந்திரக்காரரும் லொறிக்காரரும் வாங்கித் தங்கள் கூலிக்குள் சேர்த்துவிடும் டீசலே அதிகம். கூலிக்குள் இருக்கும் இந்த எண்ணெயைப் பிரித்துப் பார்க்காமல் போகத்துக்கான கணக்கை எழுதுவதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி அதிலிருந்து கிளைப்பவை.

உழவுக் கூலியை எடுத்துக்கொள்வோம். டீசல் ஏறிவிட்டது, ஏக்கருக்கு இரண்டாயிரம் கூட்டித் தரவேண்டும் என்று இயந்திரக்காரர் கேட்டால், விதைப்புத் திகதி நெருங்கிய அவசரத்தில் யாரும் மறுத்துப் பேசுவதில்லை. ஒரு முறை சுழல் கலப்பை அடிக்க ஏக்கருக்கு 8 லீட்டர் டீசல் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மண்ணின் தன்மை, ஈரம், இயந்திரத்தின் வயது ஆகியவற்றைப் பொறுத்து இது கூடும், குறையும். லீட்டருக்கு 30 ரூபா ஏறியிருந்தால் அந்த ஏக்கரில் எண்ணெய்க்காகக் கூடிய செலவு 240 ரூபா மட்டுமே. மிகுதி 1,760 ரூபாவில் உதிரிப்பாக விலை, சாரதியின் சம்பளம், லீசிங் தவணை எல்லாம் இருக்கலாம். அந்த இரண்டு வாரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் இயந்திரம் தேடுகிறார்கள் என்பதும் இருக்கலாம். அவற்றில் நியாயமானவை உண்டு. ஆனால் அவற்றை எண்ணெயின் பெயரில் கேட்கவிடக்கூடாது. ஏனென்றால் எண்ணெய் விலை இறங்கும்போது எண்ணெயின் பெயரில் ஏறிய கூலி இறங்குவதில்லை.

இயந்திரக்காரர் பக்கத்தையும் சொல்லவேண்டும். 2021 ஜூனில் லீட்டர் 111 ரூபாவாக இருந்த ஒட்டோ டீசல், 2022 ஜூன் இறுதியில் 460 ரூபாவுக்குப் போனது. பழைய விலையை நம்பிக் கூலி பேசிய ஒருவரால் அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. ஆகவே கூலியை இரண்டு துண்டாகப் பேசுவது இருவருக்கும் நல்லது: இயந்திரத்துக்கும் சாரதிக்கும் ஒரு தொகை, எண்ணெய்க்கு லீட்டர்க் கணக்கு. எண்ணெயை நாமே கொடுப்பதாக ஒப்புக்கொண்டால் அங்கேயும் ஒரு தவறு காத்திருக்கிறது. கேன் கணக்கில் ஊற்றிவிட்டு, எவ்வளவு எரிந்தது என்று பார்க்காமல் விடுவார்கள். வேலை தொடங்குமுன் தாங்கியை விளிம்புவரை நிரப்பி, முடிந்ததும் மீண்டும் விளிம்புவரை நிரப்பினால், இரண்டாம் முறை ஊற்றிய அளவுதான் வயல் குடித்த எண்ணெய். இரண்டு போகம் இதைக் கொப்பியில் எழுதி வைத்தவரிடம் எந்த இயந்திரக்காரரும் குத்துமதிப்பாக விலை பேச முடியாது.

எண்ணெய் விலை ஏறும்போது உழவைக் குறைப்பது அடுத்த தவறு. முதல் உழவுக்குப் பின் களை முளைக்க விட்டு, அதை இரண்டாம் உழவில் மடித்து, பிறகு மட்டப்படுத்துவதில் ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு. ஒன்றை விட்டால் அன்றைக்கு டீசல் மிச்சம். பின்னர் களைகொல்லியில் அந்தப் பணம் போய்விடும். பன்றிநெல் விழுந்த வயலில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதுவும் நெல்லினமே. பயிரைக் காப்பாற்றிக்கொண்டு அதை மட்டும் அழிக்கும் மருந்தைத் தேடுவது கடினம், நிலம் பண்படுத்தும்போதே ஒழிப்பதுதான் பிரதான வழி. மட்டப்படுத்தாத வயலில் மேட்டில் நீர் நிற்காமல் களை வளரும், பள்ளத்தில் விதை அழுகும், மேடு நனையவேண்டும் என்பதற்காக முழு வயலுக்கும் கூடுதலாக நீர் பாய்ச்ச வேண்டிவரும். சிறுபோகத்தில் நீர் இறைக்கும் இயந்திரத்தை நம்பியிருப்பவருக்கு அந்தக் கூடுதல் நீரும் எண்ணெய்தான்.

நீர் இறைப்பவர்கள் மறக்கக்கூடாத ஒரு திகதி 2022 ஓகஸ்ட். அதுவரை லீட்டர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபா ஆனது; ஒரு தடவை நீர் பாய்ச்ச 5 லீட்டர் எரித்தவருக்கு 435 ரூபாச் செலவு 1,700 ரூபாவாக மாறியது. அதன் பிறகு விலை இறங்கியிருந்தாலும், மண்ணெண்ணெய் எப்போதும் மலிவாக இருக்கும் என்ற எண்ணத்தில் மேட்டு நிலத்தில் சிறுபோகம் தொடங்குவது இனிச் சரிவராது. டீசலோடு மண்ணெண்ணெயைக் கலந்து ஊற்றும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. டீசலுக்குள்ள வழுக்குத்தன்மை மண்ணெண்ணெய்க்குக் குறைவு என்பதால் எரிபொருள் செலுத்தும் பம்பு தேய்ந்துபோகும். அதைத் திருத்தக் கொடுக்கும் பணத்தில் எத்தனையோ லீட்டர் நல்ல டீசல் வாங்கலாம். விலை ஏறப்போகிறது என்று பிளாஸ்ரிக் கேன்களில் பெற்றோலை வாங்கி வயல் வாடிக்குள் அடுக்குவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை; அது செலவு பற்றிய தவறு அல்ல, உயிர் பற்றிய தவறு.

ஒரே கண்டத்தில், அதாவது அடுத்தடுத்துள்ள வயல்கள் சேர்ந்த ஒரே வயற்பரப்பில், ஆளுக்கொரு வயதுள்ள நெல்லை விதைப்பது பலருக்குத் தவறாகவே தெரிவதில்லை. பக்கத்து வயலில் மூன்று மாத நெல்லான பி.ஜி. 300, இவருடையதில் மூன்றரை மாத நெல்லான பி.ஜி. 352 என்றால், அறுவடை இயந்திரம் அதே கண்டத்துக்கு இரண்டு முறை வரவேண்டும். அதை ஏற்றிவரும் வாகனத்தின் டீசல் இரண்டு முறையும் விவசாயிகளின் தலையில்தான் விழும். பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதி தீர்மானிக்கப்படும்போதே, வயல்களுக்கு நீர் பங்கிடுவதைக் கவனிக்கும் வட்டவிதானையையும் விவசாய அமைப்பையும் வைத்துக்கொண்டு நெல்லின் வயதையும் உழவு வரிசையையும் பேசி முடிப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அறுவடையில் கூலியை மணித்தியாலத்துக்குப் பேசுவதா, ஏக்கருக்குப் பேசுவதா என்பது வயலின் நிலையைப் பொறுத்தது. காய்ந்த தரையில் நெல் நிமிர்ந்து நின்றால் மணிக்கணக்கு இலாபமாக அமையலாம். மழையில் படுத்த நெல்லை, சேற்றில் சங்கிலிச் சக்கரம் புதையப் புதைய வெட்டும்போது அதே மணிக்கணக்கு கையைச் சுடும். பெரும்போக அறுவடைக் காலத்தில் கிழக்கில் மழை பெய்வது புதிதல்ல. ஆனால் மழையே இல்லாத ஆண்டிலும் வாய்க்காலை அடைக்காமலும் வடிச்சலைத் திறக்காமலும் விட்டு, ஈர வயலில் இயந்திரத்தை இறக்குபவர்கள் இருக்கிறார்கள். அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே நீரை வடித்துவிட்டால் இயந்திரம் வேகமாக ஓடும், எண்ணெயும் குறையும்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் வயல் வைத்திருக்கும், கிழக்குப் பக்கமான எழுவான்கரையைச் சேர்ந்தவர்கள் தங்கள் போக்குவரத்தைச் செலவில் எழுதுவதே இல்லை. மண்டூர்–குருமண்வெளிப் பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏறினாலும், பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போனாலும், ஒரு போகம் முழுவதும் போய்வந்த பெற்றோலைக் கூட்டினால் சின்னத் தொகையாக இருக்காது.

கடைசியாக, விற்பனை. வயலடியில் வியாபாரி சொல்லும் விலையில் அவருடைய லொறியின் டீசல் ஏற்கனவே கழிக்கப்பட்டிருக்கும். ஆகவே அரச நெல் களஞ்சிய விலையையும் வயலடி விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது தவறு. 2025 பெப்ரவரியில் ‘நாட்டு’ வகை நெல்லுக்கு அரசாங்கம் அறிவித்த விலை கிலோவுக்கு 120 ரூபா. அது 14 சதவீத ஈரப்பதத்துக்கு மேற்படாத நெல்லுக்கு. வயலில் 20 சதவீத ஈரத்தோடு நிற்கும் 2,000 கிலோ நெல்லை 14 சதவீதத்துக்கு உலர்த்தினால் ஏறத்தாழ 1,860 கிலோதான் மிஞ்சும். 120 ரூபாப்படி 2,23,200 ரூபா. வியாபாரி வயலடியில் ஈர நெல்லுக்கு 110 ரூபா தந்தால் 2,20,000 ரூபா கையில் கிடைக்கும். வித்தியாசம் 3,200 ரூபா. உலர்த்தும் கூலியும் லொறிக் கூலியும் அதைத் தின்றுவிடும், வயலடியிலேயே கொடுத்துவிடலாம். அவர் 95 ரூபாதான் தருவேன் என்றால் வித்தியாசம் 33,200 ரூபா. அப்போது டீசல் என்ன விலை விற்றாலும் லொறி பிடித்து நெல்லைக் கொண்டுபோவதுதான் சரி.